ஒலிபெருக்கியை நிறுத்திய பின்னேரம்

1. மஞ்சள் அங்கி

"வானா, இனி நீ ஓடக்கூடாது" என்றார் பிரெபென்.

ரோந்துப் பொறுப்பாளராக நான் கடமையேற்ற முதல் காலை அது. பிரெபென் எங்கள் வாக்ட்ஷெஃப். கட்டுப்பாட்டறையில் திரைகளுக்கு முன்னால் இருந்துகொண்டு, எந்த வாகனம் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவர். என் பெயர் வானதி. டென்மார்க்கின் மேற்கு யூலாந்து நாக்குக்கு அதில் பாதி போதும்.

"ஓடாமல் என்னெண்டு பொலிஸ் வேலை பார்க்கிறது?"

"ஓடுறதுக்கு மற்ற ஆக்கள் இருக்கினம். நீ ஓரிடத்தில நிக்க வேணும். எல்லாரும் உன்னைத் தேடி வருவினம். அதுதான் உன்ர வேலை."

அவர் பேசியது டெனிஷ்தான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே இருந்தும், டெனிஷ் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் போய் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

மேசைக்கு மேலால் ஒரு மஞ்சள் அங்கியைத் தள்ளினார். முதுகில் பெரிய எழுத்தில் பதவியின் பெயர். அமெரிக்கப் படங்களில் ஷெரிஃப் ஒஃபிஸ் என்று ஒன்று வரும். அதில் ரோந்து சார்ஜன்ட் என்று ஒருவர் இருப்பார். டென்மார்க்கில் ஷெரிஃப் இல்லை. ஆனால் அந்தச் சார்ஜன்ட் செய்கிற வேலை இருக்கிறது. ரோந்து வாகனங்களில் போகிற இளம் பொலிஸாருக்கு நான் பொறுப்பு. விபத்து, தீ, அடிபிடி, காணாமற்போன ஆள் என்று ஒரு சம்பவம் பெருக்கத் தொடங்கினால் நான் போக வேண்டும். அங்கியைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். யார் எங்கே போவது, இன்னும் என்ன வரவேண்டும், எது போதும் என்று சொல்ல வேண்டும். தீயணைப்புக்காரரும் அம்புலன்ஸ்காரரும் அந்த அங்கியைத் தேடித்தான் வருவார்கள். குளிரில் நிற்கிற உத்தியோகம்.

அந்தச் செய்தி எங்கள் ஆட்களிடம் என்னைவிட வேகமாகப் போனது. அடுத்த கிழமை கோயில் மடப்பள்ளியில் ஒரு அக்கா சாம்பார் அகப்பையோடு மறித்தார்.

"பிள்ளை, நீ சார்ஜனாம். உண்மையோ?"

"ஓம் அக்கா."

"அப்ப சுடுற துவக்கெல்லாம் தருவாங்களோ?"

"அது முதலே தந்தது அக்கா."

"டொக்டருக்குப் படிச்சிருந்தால் உந்தக் கோதாரி ஒண்டும் தேவையில்லை" என்று பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த என் அம்மா சொன்னார். அவர் நிமிரவில்லை.

அம்மாவின் கவலை எனக்குத் தெரியும். சீருடை என்றால் அவருக்கு ஒரு பொருள்தான். அந்தப் பொருளை அவர் யாழ்ப்பாணத்தில் கற்றுக்கொண்டார். நானும் கொஞ்சம் கற்றேன். எனக்கு அப்போது சின்ன வயது. ஒரு கோயில் வெளி, சுடுமணல், வரிசை. வரிசையில் நின்ற என் சின்ன மாமாவின் நீலச் சேர்ட். அந்தச் சேர்ட் ஆமி ட்ரக்கில் ஏறியது. இதற்கு மேல் அந்தக் கதை இங்கே வேண்டாம். இது வேலையைப் பற்றிய குறிப்பு.

2. நாய் நின்ற இடம்

ஒரு பெப்ரவரி மத்தியானம் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தின் ஓரத்திலிருந்து அழைப்பு வந்தது. தம்பிராசா என்ற முதியவரைக் காணவில்லை. எண்பதைத் தொட்ட வயது. டெமென்ஸ், அதாவது மறதி நோய். மனைவி பரமேஸ்வரி சமைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். திரும்பிப் பார்த்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. இடுப்பில் சாரம், மேலே கம்பளிச் சுவெற்றர், காலில் வீட்டுச் செருப்பு. இவ்வளவுதான் அவர் உடம்பில்.

வீட்டுக்குப் பின்னால் காடு. கூர்மையான இலையோடு வரிசை வரிசையாக நட்ட மரங்கள். எங்கள் ஆட்கள் அந்த இனம் முழுவதையும் கிறிஸ்மஸ் மரம் என்றுதான் சொல்வார்கள். அவர் அதற்குள் நுழைந்ததை அயல்வீட்டுக்காரர் கண்டிருக்கிறார். குனிந்து குனிந்து போனதால், நாய்க்குட்டி எதையோ தேடுகிறார் என்று நினைத்தாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் இருந்தது. ஆனால் அது பெப்ரவரி வெயில். படத்தில் இருக்கிற நெருப்பு மாதிரி, பார்க்கலாம், காய முடியாது. பொழுது சாய்ந்தால் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். சாரமும் சுவெற்றருமாக எண்பது வயது உடம்பு அந்த இரவைத் தாண்டாது. இதை நான் யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

தேடுதல் என்றால் எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. பல உயிர்களைக் காப்பாற்றிய முறை. அதை அப்படியே செய்தேன். ரோந்து வாகனங்களைக் காட்டுப் பாதையின் வாயில்களில் நிறுத்தினேன். வெப்பத்தைக் காட்டும் கமெராவோடு ட்ரோன் மேலே போனது. உதவிக்கு உள்ளூர்த் தொண்டர் படையினர் வந்தார்கள். பகலில் தச்சுவேலையும் கணக்குவேலையும் செய்கிற மனிதர்கள், கூப்பிட்டால் பச்சைப் புள்ளிச் சீருடையோடு வந்துவிடுவார்கள். அவர்களைக் கைநீட்டும் தூரத்தில் வரிசையாக நிறுத்திக் காட்டுக்குள் நடக்கவிட்டேன். மிக்கெல் என்ற இளம் பொலிஸ்காரன் கை ஒலிபெருக்கியில் கூப்பிட்டான்.

"தாம்பிராஸா! இது பொலிஸ்! பயப்பட வேண்டாம்! வெளியே வாருங்கள்!"

குரலில் நல்ல அன்பு இருந்தது. ஒலிபெருக்கி அதை வடிகட்டிவிட்டு மிச்சத்தை மரங்களுக்குள் அனுப்பியது.

ட்ரோன் கமெராவில் மான்கள் தெரிந்தன. மனிதர் தெரியவில்லை. அடர்ந்த கிளைகளுக்குக் கீழே இருந்தால் அதற்கும் கண் போகாது.

நாய்க்குப் பொறுப்பான லோனே காட்டிலிருந்து வெளியே வந்தாள். என் வயதுக்காரி. அதிகம் பேசாதவள்.

"வாய்க்கால் வரைக்கும் மோப்பம் நல்லாக் கிடைச்சுது. ஒரு செருப்பும் கிடந்தது. அதுக்குப் பிறகு இல்லை. மற்றக் கரையிலயும் இல்லை."

"விழுந்திட்டாரோ?"

"இல்லை, பார்த்திட்டன். தண்ணிக்குள்ளால நடந்திருக்கிறார்." நாயின் காதைத் தடவிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "வானா, டெமென்ஸ் ஆக்கள் நேர நடப்பினம், எங்கையாவது முட்டி நிப்பினம். இவர் அப்பிடி நடக்கேல்லை. இந்த நடையை நான் வேற இடத்தில கண்டிருக்கிறன். களவெடுத்திட்டு ஓடுறவையிட்ட."

அப்போது காதில் மாட்டியிருந்த கருவிக்குள் பிரெபென் வந்தார். "வானா, ஹெலிகொப்டர் கேட்டிருக்கிறன். பொழுது படுறதுக்கு முதல் மேல நிக்கும். தாழப் பறந்து தேடச் சொல்லியிருக்கிறன். சரிதானே?"

"சரி" என்றேன்.

3. கையில் அட்டை

கணவர் வேறு எங்கே போயிருக்கக்கூடும் என்று கேட்கப் பரமேஸ்வரி அன்ரியிடம் போனேன். வீட்டுப் பின்வாசலில் நின்றார். பக்கத்தில் மகள் சுகந்தி, வேலைத்தலத்திலிருந்து அப்படியே ஓடி வந்தவள், இங்கே பிறந்தவள்.

அன்ரி நின்ற விதத்தில் எனக்கு ஏதோ பட்டது. சுவரோடு ஒட்டி, கால்களைச் சேர்த்து, தலையைக் கொஞ்சம் குனிந்து நின்றார். வலது கை நெஞ்சுக்கு நேரே. அதில் அவருடைய மஞ்சள் மருத்துவ அட்டை. இந்த நாட்டில் எல்லோரிடமும் இருக்கிற அட்டை. பெயரும் இலக்கமும் போட்டது. எழுத்து எங்களுக்குத் தெரியும்படி பிடித்திருந்தார்.

"அன்ரி, உதை ஆர் கேட்டது?"

"எதைப் பிள்ளை?"

"உந்த அட்டையை."

தன் கையை வேறு யாருடையதோ போலக் குனிந்து பார்த்தார். "ஒருத்தரும் கேக்கேல்லை. உதுகளைக் கண்டவுடன எடுத்திட்டன் போலக் கிடக்கு."

"Mor, der er ingen, der har spurgt dig" என்றாள் சுகந்தி. யாரும் உன்னிடம் கேட்கவில்லையே அம்மா என்று.

உதுகள் எவை என்று பார்க்க நான் திரும்பினேன். அன்ரி நின்ற இடத்தில், சுவரோடு, அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பாதை வாயில்களில் வாகனங்கள். பச்சைச் சீருடையில் ஒரு வரிசை. ஆளுக்கு ஒரு கைதூரம் விட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறது. காற்று முகத்தைக் கிழித்ததால் எல்லோரும் கழுத்துத் துணியை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டிருந்தார்கள், கண்கள் மட்டும். மேலே ஒன்று இரைந்துகொண்டு சுற்றுகிறது. நாய் குரைக்கிறது. ஒலிபெருக்கியில் ஒரு மனிதருடைய பெயர், தெரியாத மொழியில், வெளியே வா.

ஊரில் இராணுவம் செய்த அதே சுற்றிவளைப்பு. சுடுமணல் மட்டும்தான் குறைவு.

அதை ஒழுங்குசெய்தவர் யார் என்று தெரிய என் முதுகைப் பார்த்தால் போதும். மஞ்சள் அங்கியில் பெரிய எழுத்தில் இருந்தது.

"அன்ரி, ஐயா முந்தி ஊரில ஆமிக்கு ஒளிச்சவரோ?"

"ஆர் பிள்ளை ஒளிக்கேல்லை?" என்றார். "ரெண்டு தரம் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அதுக்குப் பிறகு ஹெலிச் சத்தம் கேட்டால் காணும், மனுசன் வீட்டில நிக்காது. பத்தைக்குள்ளயோ வெட்டின கிடங்குக்குள்ளயோ போய்ப் படுத்திடும். நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வாறது."

"பேரைச் சொல்லிக் கூப்பிடுவியளோ?"

அந்த நிலையிலும் அன்ரிக்குச் சிரிப்பு வந்தது. "விசர்க் கதை கதையாதை. நான் அவற்ற பேரை எப்ப சொன்னனான்? பேர் சொல்லிக் கூப்பிடுறது பள்ளிக்கூட வாத்தியும் ஆமிக்காரனும்தானே."

காட்டுக்குள் மறுபடி ஒலிபெருக்கி: "தாம்பிராஸா!"

4. ஒன்றும் செய்யாதே

"பிரெபென், ஹெலிகொப்டரை நிப்பாட்டுங்கோ."

"திருப்பிச் சொல்லு."

"நிப்பாட்டுங்கோ. ட்ரோனையும் இறக்கப்போறன். ஆக்களையும் வெளிய எடுக்கப்போறன். அவர் தொலைஞ்சு போகேல்லை. எங்களுக்குத்தான் ஒளிச்சிருக்கிறார். ஹெலி வந்தால் இன்னும் உள்ளுக்குப் போவார்."

"ஒளிச்சிருக்கிறார் எண்டு உனக்கு என்னெண்டு தெரியும்?"

"லோனேயின்ர நாய் சொல்லுது. அவற்ற மனிசியின்ர கை சொல்லுது."

"கையோ?"

"பிறகு விளங்கப்படுத்திறன்."

பிரெபென் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் இந்த இடத்தில் கஷ்டமான கேள்வியைக் கேட்பார்கள். "வானா, பொழுது படப்போகுது. தேடுற ஆக்களைக் குறைக்கச் சொல்லிக் கேக்கிறாய். அவர் எங்கையாவது மயங்கிக் கிடந்தால்?"

"அப்பிடியெண்டால் நான் பிழை."

"அரை மணித்தியாலம் பிந்தச் சொல்லுறன். அதுக்கு மேல என்னால ஏலாது. இடத்தில நிக்கிறது நீ. முடிவும் உன்ர."

அவர் முதல் நாள் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. ஒரு இடத்தில் நிற்பது என்றால், நடப்பது வந்து உன் மேல் விழட்டும் என்று நிற்பது.

ஒலிபெருக்கியை நிறுத்தினேன். நீல விளக்குகளை அணைக்கச் சொன்னேன். ட்ரோன் இறங்கியது. தொண்டர்களை வீடுகளுக்குப் பின்னால், காட்டிலிருந்து தெரியாத இடத்துக்கு அனுப்பினேன். அவர்கள் கேள்வி கேட்காமல் போனார்கள். லோனே நாயை வாகனத்தில் ஏற்றி, குரைக்காமலிருக்க அதன் வாய்க்குள் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். அம்புலன்ஸை விளக்கில்லாமல், சத்தமில்லாமல், பக்கப் பாதையில் நிற்கச் சொன்னேன்.

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது?" என்றான் மிக்கெல்.

"ஒண்டும் செய்யாதை."

"அதை என்னெண்டு செய்யிறது?"

பாவம், அவன் உண்மையாகத்தான் கேட்டான். பொலிஸ் கல்லூரியில் அதற்குப் பாடம் இல்லை.

சுகந்திதான் எனக்கு முன்னால் வந்து நின்றாள். டெனிஷில் தொடங்கிப் பாதியில் தமிழுக்கு வந்தாள். கோபத்துக்கு அவளிடம் இருந்த தமிழ் கொஞ்சம்தான். அது முழுவதையும் எடுத்தாள். "எல்லாரையும் அனுப்பிறீங்கள். வெள்ளைக்காரர் ஒராள் காணாமப்போனா இப்பிடி அனுப்புவீங்களா? அப்பா செத்தா நீங்களா பொறுப்பு?"

"ஓம்" என்றேன். "நான்தான்."

அவள் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. அன்ரி போய்க் கூப்பிடட்டும், நானும் கூடப் போகிறேன் என்றேன். பிறகு தன் மண்ணிறக் கோட்டைக் கழற்றித் தந்தாள். "உங்கட உடுப்புத் தெரியுது" என்றாள்.

மஞ்சள் அங்கியைக் கழற்றி வாகனக் கதவில் கொழுவிவிட்டு, சீருடைக்கு மேலே அந்தக் கோட்டைப் போட்டேன். தோளில் இறுகியது. பூட்ட முடியவில்லை. கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு அன்ரிக்குப் பின்னால் காட்டுக்குள் போனேன்.

5. கூப்பிடுதல்

மரங்களுக்குள் வெளிச்சம் ஏற்கெனவே குறைந்திருந்தது. கீழே பாசி, கால் வைத்தால் சத்தம் இல்லை. சத்தம் முழுவதும் உச்சியில், காற்றில்.

அன்ரி முதலில் வெட்கத்தோடு கூப்பிட்டார். பக்கத்து அறையில் இருக்கிற புருசனைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற அளவுக்குத்தான்.

"இஞ்சேருங்கோ."

காற்று.

"இஞ்சேருங்கோ... அவங்கள் போயிட்டாங்கள். வாங்கோ. கத்தரிக்காய்க் குழம்பு வைச்சனான். ஆறுது."

வாய்க்கால் ஓரமாக நடந்தோம். குனிந்து பார்த்தால் தொண்டர்களின் வரிசை மிதித்த தடம் தெரிந்தது. அவர்கள் இந்த இடத்தைக் கடந்துதான் போயிருக்கிறார்கள். நான் பிழைவிட்டுவிட்டேனோ என்று முதல் முறையாக நினைத்தேன். காதுக்குள் பிரெபென், மெதுவாக: "வானா?" கருவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

அன்ரிக்கு மூச்சு வாங்கியது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டது போதும் என்று நினைத்தாரோ, பயம் கோபமாக மாறியதோ, திடீரென்று குரல் உயர்ந்தது.

"எனக்குக் கால் ஏலாது எண்டு தெரியுமெல்லே! இந்தக் காட்டுக்குள்ள என்னைத் தனிய விட்டிட்டு உங்களுக்கு அங்க என்ன படுக்கை? நான் என்னெண்டு திரும்பிப் போறது? அவங்கள் போயிட்டாங்கள் எண்டு தொண்டை கிழியக் கத்துறன், செவிடோ உங்களுக்கு?"

"சத்தம் போடாதை" என்றது நிலம். "கேக்கப்போகுது."

எங்களுக்குப் பக்கத்தில்தான். புயலில் சாய்ந்த பெரிய மரம் ஒன்று கிடந்தது, மண்ணோடு பெயர்ந்த வேர்த்தட்டு மட்டும் நிமிர்ந்து நின்றது. அதன் கீழே பள்ளம். பள்ளத்துக்கு மேலே கிளைகள், காற்று போட்டது போலத்தான் கிடந்தன. ஆனால் கவனமாக அடுக்கப்பட்டிருந்தன. முறித்த முனைகள் எல்லாம் உள்பக்கம். பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்துபோன அந்தக் கைகள் இதை மறக்கவில்லை.

கிளைகளை நாங்கள் விலக்கினோம். முழங்கால் வரைக்கும் நனைந்து, ஒரு கால் வெறுங்காலாக, உதடு நீலமாக, சுருண்டு கிடந்தார். கண் மட்டும் விழிப்பாக இருந்தது.

"போயிட்டாங்களோ?"

"போயிட்டாங்கள். எழும்புங்கோ."

என்னைக் கண்டார். "உது ஆர்?"

கோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அன்ரி யோசிக்கவில்லை. "எங்கட பிள்ளைதான்."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு, ஊர்ப்புதினம் கேட்கிற தொனியில், "எல்லாரையும் விட்டிட்டாங்களோ பிள்ளை?" என்றார்.

என் சின்ன மாமாவை அவர்கள் விடவில்லை. நீலச் சேர்ட்டும் திரும்பவில்லை.

"ஓம் ஐயா" என்றேன். "எல்லாரையும் விட்டிட்டாங்கள்."

அப்போதுதான் கையை நீட்டினார்.

6. பதிவில் எழுதியது

உடல்வெப்பம் மோசமாக இறங்கியிருந்தது. அம்புலன்ஸ்காரர் இருவரும் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, வீட்டு விருந்தாளிகள் போல நடந்துவந்து அவரைப் போர்வையால் சுற்றினார்கள். நான் கேட்கவில்லை, தொண்டர் யாரோ சொல்லியிருக்க வேண்டும். சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சுகந்தி கோட்டைத் திருப்பி வாங்க நிலையத்துக்கு வந்தபோது ஒரு சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தது. மிக்கெல் அதைத் தொட்டு நக்கிவிட்டு ஒரு போத்தல் தண்ணீர் குடித்தான்.

பிரெபென் என்னிடம் கையைப் பற்றிய விளக்கத்தைக் கேட்டார். சொன்னேன். அன்றைக்கு நான் சுவரோடு நின்று பார்த்ததையும் சொன்னேன். அவர் திரையில் பதிவைத் திறந்தார்.

"பதிவில எழுத வேணும். எந்த நடவடிக்கையால ஆள் கிடைச்சது?"

"நடவடிக்கைகளை நிறுத்தினதால எண்டு எழுதுங்கோ."

எழுதினார். பிறகு, "அவ்வளவு மோசமில்லை" என்றார். மேற்கு யூலாந்தில் அதற்கு மேலே பாராட்டு இல்லை.

இதை வாசிக்கிற பிள்ளைகள் யாராவது இந்த வேலைக்கு வந்தால் ஒன்று சொல்ல வேண்டும். தேடுதலின் முறைகள் நல்லவை. நாய், ட்ரோன், வரிசை எல்லாவற்றையும் நான் இன்றைக்கும் பயன்படுத்துகிறேன். பெரும்பாலான நாட்களில் அவைதான் ஆளைக் கண்டுபிடிக்கின்றன. ஆனால் தொடங்க முதல் வீட்டாரிடம் கேட்கிற கேள்விகளில் ஒன்றைக் கூட்டியிருக்கிறேன். என்ன உடுப்பு, என்ன மருந்து, எந்தப் பக்கம் போனார் என்று கேட்டுவிட்டு, கடைசியாக: இவர் முந்தி யாருக்காவது ஒளித்திருக்கிறாரா?

இது எங்கள் ஆட்களுக்கான கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். போன இலையுதிர் காலம் ஒரு டெனிஷ் கிழவி பண்ணை வீடொன்றிலிருந்து காணாமற்போனார். அங்கேயே பிறந்து, அங்கேயே வாழ்ந்தவர். மகன், ரப்பர் சப்பாத்தோடு நின்ற பெரிய மனிதன், மற்றக் கேள்விகளுக்கெல்லாம் உடனே பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மிக்கெல் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"அம்மா, தன்ர அப்பாவுக்கு" என்றார் மகன். "சின்னப் பிள்ளையா இருக்கேக்க. அந்தாள் சத்தம் போட்டுக்கொண்டு தேடுமாம்."

மிக்கெல் ஒலிபெருக்கியை வாகனத்துக்குள் திரும்ப வைத்தான்.

கிழவி பழைய மாட்டுக்கொட்டிலில், வைக்கோலுக்குப் பின்னால் இருந்தார். லோனே பக்கத்தில் போய் நிலத்தில் இருந்துகொண்டு, அவராக எழும்பும் வரைக்கும் காத்திருந்தாள்.